இன்னொருத்தரிடமும் கேட்கிறவர்

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு என் மகள் போன் செய்தாள். நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அதன்பிறகு போனை எடுத்து அந்த அழைப்பைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, ஸ்டியரிங் கட்டியாப் போச்சு. திருப்பவே முடியல்ல. மஞ்ச லைட்டு ஒண்ணு எரியுது."

"எங்க இருக்க?"

"பூவாறு பாலம் கழிஞ்சாச்சு. நான் பைய வாறேன்."

பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அத்துடன் அழைப்பு நின்றது. திரும்ப அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை.

அவளுக்கு வயது இருபத்துநாலு. காஞ்சிரங்குளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கிருந்து பூவாறு, குளத்தூர் வழியாகப் பாறசாலைக்கு இப்பால் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். ஏற்றமும் இறக்கமும், இரண்டு பக்கமும் மதில் வைத்த வளைவுகளும், கடைசியில் கால்வாய்க் கரையை ஒட்டிய கொஞ்ச தூரமும். ஓட்டுவது எங்கள் பழைய கார். அந்தக் காரின் ஸ்டியரிங்கில் கடைசியாகக் கைவைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். என்ன செய்து வைத்தார் என்பது தெரியாது. கேட்கவும் முடியாது. அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியபோது, பெயரைப் போடட்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். சரி என்றார். மகனிடம் கேட்டேன். வேண்டாம் என்றான். ஆகவே போடவில்லை. அவர் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

குளத்தூர் போகும் சாலையில், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்கு அடுத்தது அவருடைய வொர்க்‌ஷாப். ஸ்டியரிங் வேலை மட்டும்தான் செய்வார். இஞ்சினில் சத்தம், பிரேக்கில் பிடிப்பில்லை என்று போனால், "அது எனக்க ஜோலி இல்ல" என்று எதிரே உள்ள கடையைக் காட்டுவார். சுவரில் டயர் காற்று பார்க்கிற கேஜ் இரண்டு தொங்கும். இரண்டாலும் பார்ப்பார். ஒன்றுக்கொன்று வேறாகக் காட்டினால் அன்று அந்த டயரில் காற்றே அடிக்க மாட்டார். ஊரில் அவருக்கு ஸ்டியரிங் அண்ணன் என்றுதான் பெயர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நானும் அண்ணன் என்றே அழைத்தேன். அவர் என்னை, பள்ளியில் என்னிடம் படித்தவரைப்போல, டீச்சரே என்பார்.

பத்து வருடங்களுக்கு முன்பு முதன்முதலாக அவரிடம் போனேன். இதே மஞ்சள் லைட்தான். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"லைட்டு எப்ப வந்துது டீச்சரே?"

"காலையில, ஸ்கூலுக்குப் போவும்போ."

தலையாட்டினார். பிறகு பின்கதவுப் பக்கம் போய்க் குனிந்தார். "மக்கா, நீ சொல்லு. எப்ப வந்துது?"

"நேத்து சாயங்காலமே வந்துது மாமா. அம்மா பாக்கல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "சின்னப் பிள்ளைகிட்ட எதுக்குக் கேக்கிய? ஓட்டினது நான்லா?"

"டீச்சர் சொல்லுறது கள்ளமுன்னு நான் சொன்னேனா? அவ சொல்லுறதும் கள்ளமில்ல. ரெண்டும் ஒத்து வரல்ல, அவ்வளவுதான். இனி வண்டிகிட்ட கேக்கணும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். மறுமுனையைத் தன் முழங்காலுக்கடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். முறுக்குங்கள் என்றார். முறுக்கினேன். துவர்த்து கயிறுபோலத் திரண்டது.

"ஸ்டியரிங்குக்குக் கீழ இதுபோல ஒரு கம்பி உண்டு. டீச்சர் திருப்பும்போ அது லேசா முறுகும். எவ்வளவு முறுகுதுன்னு நோக்கி கம்ப்யூட்டர்கிட்ட சொல்ல ஒரு சென்சார் உண்டு. அதுக்குத் தக்க மோட்டார் கூடச் சேந்து திருப்பும். அதனாலாக்கும் நீங்க ஒத்தக் கையில திருப்பிட்டுப் போறது."

"செரி."

"ஆனா ஒருத்தன் சொன்னா கம்ப்யூட்டர் நம்பாது. அதனால உள்ள ரெண்டு பேரு. ஒரே சேதியை ரெண்டு வயர்ல ரெண்டு பேரும் சொல்லணும்."

"ஒத்து வரல்லேன்னா?"

அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்போல. "அங்கதான் காரியமே. யாரு கள்ளன்னு கண்டுபிடிக்க அது நிக்காது. ஓடுற வண்டியில அதுக்கு நேரமில்ல. லைட்டைப் போடும். மோட்டாருக்க கையை எடுத்துரும். பின்ன வண்டியும் டீச்சரும் மட்டுமாக்கும். கட்டியா இருக்கும். ஆனா தானாட்டு ஒரு பக்கமும் இழுக்காது."

ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதனுக்கு அவ்வளவு மரியாதை வருவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. இவர் அதைப் பார்த்து இப்படி ஆனாரா, இல்லை இப்படியே இருந்ததால்தான் அதைப் பிடித்துப் போனதா?

மீன் வாங்கும்போதும் அப்படித்தான். பொழியூரிலிருந்து கூடை சுமந்து வரும் இரண்டு பெண்கள் வொர்க்‌ஷாப் வாசலில் இறக்கி வைப்பார்கள். முதல் பெண்ணிடம், "இன்னைக்கு பிடிச்சதா?" என்பார். ஆமாம் என்பாள். உடனே இரண்டாமவளிடம் திரும்பி, "இவ கூடையில கிடக்கியது இன்னைக்கு பிடிச்சதா?" என்பார். ஒருநாள் மூத்தவள் பொறுமையிழந்து, "ரெண்டு பேருகிட்ட கேட்டாச்சுல்லா, இனி அந்த மீனுகிட்டேயும் ஒரு வார்த்தை கேளு பிள்ளே" என்றாள். அவர் உண்மையாகவே குனிந்து மீனின் செவுளை விரித்துப் பார்த்தார். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் சபையில் நடந்ததை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிப்பது வழக்கம். பெண் இன்னார், மாப்பிள்ளை இன்னார், இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று ஆயர் கேட்பார். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டாம் ஞாயிறு அவர் எழுந்தார். பெண்ணின் அம்மா நெஞ்சில் கைவைத்தார்.

"போன ஞாயிறு வாசிச்ச ஓலையில பெண்ணுக்க வீட்டுப்பேரு ஒண்ணு. இன்னைக்கு வேற ஒண்ணு" என்றார்.

விசாரித்ததில், முதல் ஓலையில் எழுதியது அப்பா வழி வீட்டுப்பெயர், இரண்டாவதில் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் பெயர். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு உண்டு. ஆராதனை முடிந்ததும் பெண்ணின் அம்மா வாசலில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எலே, எனக்க பிள்ளைக்க கல்யாணத்துக்கு நீ பிரேக்கு போடுதியா?"

"பிரேக்கு எனக்க ஜோலி இல்ல அம்மச்சி. ஸ்டியரிங் மட்டுமாக்கும்."

அந்த அம்மாவே சிரித்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்தது. முதல் பந்தியில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

ஏன் இப்படி என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். சிறுவயதில் கிணற்றில் தண்ணீர் உண்டென்று அண்ணன் சொன்னதை நம்பிக் குதித்துக் கால் முறிந்தது என்றார். ஆறு மாதம் கழித்து என் கணவர் கேட்டபோது, திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த இடத்தில் ஜாக்கி பூட்டியிருக்கிறது என்று ஒருவன் சொன்னதை நம்பி வண்டிக்கடியில் படுத்த கதையைச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒத்து வரவில்லை. ஆகவே நான் இரண்டையும் நம்பவில்லை.

நாலே முக்காலுக்கு வளைகுடாவில் இருக்கும் கணவரை அழைத்தேன்.

"அன்னைக்கு நீங்க ஸ்டியரிங் அண்ணன்கிட்ட இருந்து வண்டி எடுத்துட்டு வந்திங்கல்லா, அப்ப அவரு என்ன சொன்னாரு?"

"எப்ப?"

"லீவுக்கு வந்தப்போ. ஆறு வருஷம் இருக்கும்."

"எனக்கு ஓர்மை இல்லட்டி. ஏதோ சாமான் வரணும்னு சொல்லிட்டு இருந்தாரு. வந்துதோ என்னமோ. ஏன், லைட்டு எரியுதா?"

இல்லை, சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் என்ன செய்துவிட முடியும்? கேட்டுக்கு வெளியே வந்து சாலையைப் பார்த்தேன். மகளை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

நான் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு அந்த லைட் மறுபடி எரிந்தது. அண்ணனிடம் கொண்டுபோனேன். சென்சார் போய்விட்டது, முழு சாமானும் மாற்ற வேண்டும், வரும்வரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். கடைக்காரன் ஒரு வாரம் என்கிறான், லாரிக்காரன் ஒரு மாதம் என்கிறான், அதனால் சொல்ல முடியாது என்றார். எனக்கோ அம்மாவை வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஹைவேயில் வேறொரு கடைக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். அங்கே ஒருவர் அரை மணி நேரத்தில் லைட்டை அணைத்துக் கொடுத்தார். இரண்டு வயரில் கெட்டுப்போனதை வெட்டி, நல்லதோடு சேர்த்து முறுக்கி விட்டதாகச் சொன்னார். "இப்ப ரெண்டும் ஒண்ணு போலத்தான் சொல்லும். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. திருப்பும்போது வெண்ணெய்போல இருந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை, அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஸ்டியரிங் என் கையை முந்திக்கொண்டு இடதுபக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். கார் மதிலில் உரசி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. என் கைதான் தவறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, ஸ்டியரிங் லேசாகச் சத்தம் போடுகிறது என்று பொய் சொல்லி, மகளையும் கூட்டிக்கொண்டு, வண்டியை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் கீழே படுத்து டார்ச் அடித்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இந்த வயரை யாரு கெட்டினது டீச்சரே?"

"தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என் மகளைப் பார்த்தார். அவளிடம் கேட்க வேண்டாம் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

"மக்கா?"

"ஹைவேல ஒரு கடையில மாமா. அம்மா சொல்லித்தான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துவர்த்தை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "ஒருத்தன் வாயைப் பொத்திட்டு, மத்தவனை ரெண்டு குரல்ல பேச வச்சாச்சு. அவன் கள்ளம் சொன்னா மோட்டார் அதையும் கேக்கும். அப்ப உங்க கைக்கு அங்க ஒரு மதிப்பும் இல்ல" என்றார். பிறகு, "வண்டி இங்க கிடக்கட்டு" என்றார். அவ்வளவுதான்.

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவளிடம் பேசவில்லை. வெட்கத்தில் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. லீவில் வந்த கணவர்தான் போய் வண்டியை எடுத்து வந்தார். லைட் எரியவில்லை. எதனால் எரியவில்லை? புது சாமான் போட்டதாலா, இல்லை சாமான் வராமல் வயர் அப்படியே கிடந்ததாலா? நான் கேட்கவில்லை. ஆறு வருடம் அதே வண்டியில் அம்மாவைக் கொண்டுபோனேன், அம்மா இறந்த பிறகு பள்ளிக்குப் போனேன். இந்த வருடம் சாவியை மகளிடம் கொடுத்தேன். அப்போதும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

சாலையில் நின்றுகொண்டு இதையெல்லாம் மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தே கால் இருக்கும். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு நேரம் நான் எதற்குப் பயந்தேனோ, அந்த மஞ்சள் லைட்டைப் பற்றித்தான் அவர் அன்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார். லைட் எரிகிறது என்றால் மோட்டார் கையை எடுத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் லைட் ஒன்றை மட்டும் நம்பலாமா? அவர் நம்ப மாட்டார். இன்னொரு சாட்சி வேண்டும். ஸ்டியரிங் கட்டியாகிவிட்டது என்றும் அவள் சொன்னாளே. லைட் ஒன்று, அவள் கை இரண்டு. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. இனி அது தானாகத் திரும்பாது. அவள் பலத்துக்கு எவ்வளவு திரும்புமோ அவ்வளவுதான் திரும்பும்.

இது புரிந்த பிறகும் சாலையை விட்டு உள்ளே போக மனம் வரவில்லை. ஒல்லியான பெண். கால்வாய்க் கரையில் இரண்டு வளைவு.

அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக் அந்த ஸ்டியரிங்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது முழுவதும் மாற்றிய சாமான். இரண்டு வயரும் தனித்தனியாக, தனித்தனி உறை போட்டு, ஒன்றையொன்று தொடாதபடி இரண்டு வழியாகக் கொண்டுபோகப்பட்டிருந்தன. ஒரு முனையில் தண்ணீர் ஏறித் துருப்பிடித்திருந்தது. அதனால்தான் லைட். "இவ்வளவு மெனக்கெட்டு யாரும் செய்யமாட்டாங்க" என்றார் அவர். அண்ணன் எனக்காக அதைச் செய்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் இருந்திருக்கிறார்.

அவர் இறந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும். நெஞ்சுவலி என்று ஒரு டாக்டரிடம் போனார். அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் அவர். வழக்கம்போல இன்னொரு டாக்டரிடமும் போனார். மாத்திரை போதும் என்றார் இவர். சாவுக்குப் போனபோது அவர் மனைவி சொன்னார்:

"ரெண்டு சீட்டையும் பைபிளுக்குள்ள மடிச்சு வச்சிட்டு, மூணாவது ஆளைத் தேடிட்டு இருந்தாரு டீச்சரே. அதுவரை மாத்திரையாவது தின்னுங்கோன்னு நான் கால்ல விழாத குறை. ஒத்து வரட்டும், ஒத்து வரட்டும்னே சொன்னாரு."

மோட்டார் கையை எடுத்துக்கொண்டால் மனிதனின் கை மிச்சமிருக்கிறது. மருந்தைத் தள்ளி வைத்தால் என்ன மிச்சமிருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் அன்புதான் வருகிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் கோபம் வருகிறது.

ஆறு மணிக்குச் சற்று முன்பு, கால்வாய்ப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஒரு வரிசையே. வளைவில் எங்கள் கார் தெரிந்தது. நான்கு மூலையிலும் விளக்கு மின்ன, நடந்து வருகிறவன் வேகத்தில் வந்தது. பின்னால் ஒரு பேருந்து, இரண்டு ஆட்டோ, ஒரு டிப்பர். அவள் யாருக்கும் ஒதுங்கவில்லை. கேட்டுக்குள் திருப்ப முயலவும் இல்லை. வீட்டுக்கு எதிரே சாலையோரம் கோணலாக நிறுத்தினாள். பேருந்து கடந்து போகும்போது டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்தா மோளே, உறங்ஙுவாணோ?" என்று, தூங்குகிறாயா என மலையாளத்தில் கத்திக்கொண்டு போனார்.

கதவு திறந்தது. அவள் இறங்கினாள். இரண்டு கைகளும் யாருடையதோபோலத் தொங்கின. உள்ளங்கை சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் ஓடிப் போனேன். கட்டிப்பிடிக்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"போனை எடுத்தா என்னட்டி? ரெண்டு மணிக்கூர் நான் இங்க..."

அவள் தலையைச் சாய்த்து என் தோளில் வைத்தாள். கை வரவில்லை, தலை மட்டும்.

"அம்மா, கை ரெண்டும் மேல வரமாட்டேங்குது. பசிக்குது. மொதல்ல சோறு ஊட்டித் தா. பெறவு ஏசு."